பொது நிதி வாக்கெடுப்பு: எதைப் பார்த்து ‘ஓம்’ போடுவது?

கனகராயன்:

வணக்கம். நான் கிளிநொச்சி. அறிவியல்நகரில் படித்து முடித்து இப்போது வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். கார்டானோ என்கிற பிளாக்செயினின் நாணயமான ஆடா கொஞ்சம் பழைய நாளிலிருந்து கையில் இருக்கிறது, பெரிய தொகை ஒன்றும் இல்லை. 2025 ஜனவரியில் பிளோமின் மேம்படுத்தல் வந்ததிலிருந்து ஸ்டேக்கிங் வெகுமதியை, அதாவது ஆடாவை வலையமைப்பை நடத்த ஒதுக்கியதற்கு வருகிற பங்கை, எடுக்க வேண்டுமென்றால் வாக்கை யாராவது ஒரு டிரெப்புக்கு, அதாவது ஆடாக்காரர் சார்பில் வாக்குப் போடுகிற பிரதிநிதிக்கு, ஒப்படைத்திருக்க வேண்டும், அல்லது ‘எப்போதும் ஒதுங்கல்’ மாதிரி ஒன்றைத் தெரிவு செய்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டதுதானே. எங்கள் வட்டத்தில் முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா என்று நாலைந்து பேர். முன்பின் தெரியாத ஆளுக்குக் கொடுப்பதை விடத் தெரிந்த ஒருவன் இருந்தால் நல்லது என்று என்னையே டிரெப்பாகப் பதியச் சொன்னார்கள். 500 ஆடா பிணை வைத்துப் பதிந்தும் விட்டேன்.

இது இவ்வளவு வாசிப்பு வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. கார்டானோவின் பொது நிதியிலிருந்து காசு கேட்டு வருகிற விண்ணப்பங்களில் சிலது நாற்பது, ஐம்பது பக்கம் போகிறது. அதில் பாதி தாங்கள் யார், எவ்வளவு கெட்டிக்காரர் என்பது. மிச்சத்தில் தொழில்நுட்பப் பகுதி எனக்கு விளங்கும். ஆனால் கேட்கிற தொகை சரியா கூடவா என்று சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை. ஒரு பொறியியலாளருக்கு வருடத்துக்கு இரண்டு லட்சம் டொலர் என்று ஒரு வரி இருந்தால், இங்கே நான் எடுக்கிற சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அது கொள்ளை, அவர்களுடைய ஊரில் அது சாதாரணம். எந்த ஊர்க் கணக்கில் பார்ப்பது?

அதனால் முதலாவது கேள்வி: இப்படியான விண்ணப்பத்தில் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? விளங்காததற்கு ஒதுங்கல் போடுவது சரியா, அல்லது அது பொறுப்பிலிருந்து நழுவுவதா?

இரண்டாவது. சுவிசில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்தார் இதைக் கேள்விப்பட்டு, ஊருக்கு அனுப்புகிற காசையும் இந்த முறையில் செய்வோம் என்கிறார்கள். வாசிகசாலை, முன்பள்ளி, விளையாட்டுக் கழக மைதானம், இப்படி வருடத்துக்கு ஏழெட்டு வேலைகள் கேட்டு வரும். காசு போட்டவருக்கு டோக்கன், டோக்கனுக்கு வாக்கு, கூடிய வாக்கு விழுந்த வேலைக்குக் காசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

முறிகண்டிச்சந்தி:

இரண்டாவதைப் பிறகு கதைப்போம், அது வேறு கதை.

தம்பி, ஒதுங்குவதும் பேசாமல் இருப்பதும் ஒன்றல்ல, முதலில் அதைப் பிடித்துக்கொள். ‘ஒதுங்குகிறேன்’ என்று வாக்குப் போட்டால் உன்னிடம் ஒப்படைத்திருக்கிற ஆடா கணக்கிலிருந்தே எடுபடும். ஒன்றும் போடாமல் விட்டால், நீ செயலில் இருக்கிற டிரெப் என்பதால், அது ‘இல்லை’ போட்ட மாதிரித்தான் விழும். நிதி எடுப்புக்கு டிரெப் பக்கத்தில் 67 வீதம் வேண்டும். அந்த 67 வீதம் ஓம் போட்டவர், இல்லை போட்டவர், பேசாமல் இருந்தவர் எல்லோருடைய ஆடாவையும் கூட்டிய தொகையில் பார்க்கப்படுகிறது. அதற்கு மேல், கார்டானோவின் அரசியலமைப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிற அரசியலமைப்புக் குழுவும் சம்மதிக்க வேண்டும். 20 ஈபொக், அதாவது 100 நாள், ஒன்றுமே செய்யாமல் இருந்தால் உன்னைச் செயலற்றவர் பட்டியலில் தள்ளிவிடும், அதன் பிறகு உன் ஆட்களின் ஆடா கணக்கிலேயே வராது. ஆகவே விளங்காவிட்டால் ஒதுங்கல் போடு, தாராளமாகப் போடு, ஆனால் போடு. ஒரு நடவடிக்கை 6 ஈபொக் திறந்திருக்கும், 30 நாள் இருக்கிறது வாசிக்க.

இனி காசு. இந்த நிதி எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் செலவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஏலாது. ஐந்து நாளுக்கு ஒருமுறை பரிவர்த்தனைக் கட்டணமும், இன்னும் வெளியிடாத ஆடா இருப்பிலிருந்து எடுக்கிற பங்கும் சேர்ந்த பானையில் 20 வீதம் நிதிக்குப் போகிறது, மிச்சம்தான் ஸ்டேக்கிங் வெகுமதி. ஆடா மொத்தம் 45 பில்லியனுக்கு மேல் வராது என்பதால் இருப்பிலிருந்து வருகிற பங்கு ஒவ்வொரு முறையும் சற்றுச் சற்றாகக் குறைந்துகொண்டே போகும். 2025இல் நிதியில் ஒன்றரை பில்லியனுக்கு மேல் ஆடா இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் கடல் மாதிரி இருக்கிறது, எடுப்போம் என்று நின்றார்கள். அதனால்தான் ‘நிகர மாற்ற வரம்பு’ என்று ஒன்றை வாக்குக்கு விட்டு, அந்த வருடத்துக்கு 350 மில்லியன் ஆடா என்று கட்டினார்கள். அரசியலமைப்புப்படி அதற்கு மேல் எடுக்கக் கூடாது, திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. வரம்பு ஒன்று இருந்தால், நீ போடுகிற ஒவ்வொரு ஓமும் இன்னொருவர் கேட்கக்கூடிய தொகையைக் குறைக்கிறது. ஆனால் வாக்குப் போடுகிற திரையில் அப்படித் தெரியாது. விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நல்லதாகத்தான் தெரியும். 2025 நடுப்பகுதியில் கார்டானோவின் உறுப்பினர் அமைப்பான இன்டர்செக்ட் ஊடாக 39 நிதி எடுப்பு விண்ணப்பங்கள் வந்தன. அதில் பெரியது மூல மென்பொருளை எழுதிய இன்புட் அவுட்புட் நிறுவனத்தினுடையது: 96 மில்லியன் ஆடா, அன்றைய விலைக்கு 71 மில்லியன் டொலர் அளவில். 74 வீதம் ஓம் விழுந்து ஓகஸ்ட்டில் நிறைவேறியது. அந்த வேலையை வேறு யார் செய்வார் என்ற கேள்விக்கு ஒருவரிடமும் மறுமொழி இல்லாததால்தான் பலர் ஓம் போட்டார்கள் என்பது என் கணிப்பு. அது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒரே ஒரு மேசன் இருக்கிற ஊரில் கூலியைப் பற்றிப் பேரம் பேசுவது கஷ்டம், அவ்வளவுதான்.

நான் வாசிக்கும்போது பின்னாலிருந்து வருவேன். கடைசிப் பக்கங்களில்தான் எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு, கட்டம் முடிந்தது என்று யார் கையெழுத்து வைப்பது, முடியாவிட்டால் மிச்சக் காசு நிதிக்குத் திரும்புமா என்பது இருக்கும். அது இல்லாத விண்ணப்பத்துக்கு முன்பக்கத்தை வாசிக்கவே மாட்டேன். அடுத்தது, ஆடாவில் கேட்டு டொலரில் சம்பளம் கொடுக்கிறார்களா என்று பார். விலை இறங்கினால் பாதி வழியில் வேலை நிற்கும், ஏறினால் அந்த இலாபம் யாருக்கு என்று எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலும் எழுதியிருக்காது.

சம்பளக் கேள்விக்கு: தொகையை நம்முடைய ஊரோடு ஒப்பிடாதே, அதே வேலைக்கு அதே ஆள் போன முறை எடுத்த தொகையோடு ஒப்பிடு.

விசுவமடு_ஸ்காபரோ:

முறிகண்டி அண்ணை சொன்னது சரி, ஆனால் நான் இரண்டாவது கேள்விக்குத்தான் வந்தேன், அதைத் தள்ளிவிட்டீர்கள்.

நான் கனடாவில். இங்கே ஒரு ஊர்ச் சங்கத்துக்குக் கன காலமாகக் காசு கொடுத்தேன். கோடைகால ஒன்றுகூடல், இராப்போசனம், எல்லாம் நடக்கும், மேடையில் பெரிய காசோலை அட்டை காட்டுவார்கள். ஊரில் அந்தக் கட்டடம் கூரை மட்டத்தோடு நின்றுவிட்டது. கணக்குக் கேட்டால், பொருளாளர் மாறிவிட்டார், பழைய கொப்பி அவரிடம். பேரைச் சொல்லவில்லை, சொல்லியும் பிரயோசனமில்லை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிற எனக்கு, காசு எந்த நிமிடம் எங்கே போனது என்று யாரும் எப்போதும் பார்க்கலாம், பழைய கொப்பி தொலையாது என்பது சின்ன விஷயம் இல்லை. பிளாக்செயினில் மற்றது எல்லாம் பொய்யாக இருந்தாலும் இது உண்மை.

காசுக்கு வாக்கு என்பதுதான் இடிக்கிறது என்றால், அதற்கும் வழி யோசித்திருக்கிறார்கள் தம்பி. விட்டாலிக் பூட்டரின், ஸோயி ஹிட்ஸிக், கிளென் வைல் மூன்று பேரும் 2018இல் எழுதிய இருபடி நிதியளிப்பு முறை. பொதுத் திட்டங்களுக்குக் காசு சேர்க்கிற கிட்கொயின் தளம் அதை 2019இலிருந்து செய்து பார்த்தது. ஒரு பொது வேலைக்கு 100 பேர் ஆளுக்கு ஒரு டொலர் போடுகிறார்கள் என்று வை. ஒவ்வொருவருடைய தொகைக்கும் வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, கூட்டிய தொகையை வர்க்கமாக்கினால் 10,000. இன்னொரு வேலைக்கு ஒரே ஆள் 100 டொலர் போடுகிறார், அதே கணக்கில் பார்த்தால் 100தான். பொது இருப்பில் இருக்கிற காசை இந்த விகிதத்தில் பிரித்துக் கொடுப்பது. ஆக, ஒரு பணக்காரர் விரும்பியதை விடப் பலர் கொஞ்சம் கொஞ்சமாக விரும்பியதற்குத்தான் காசு போகும். இதை ஊர்ச் சங்கத்துக்கு வைத்தால் என்ன? இங்கே மாதம் ஆயிரம் டொலர் தருகிறவரும் இருக்கிறார், ஐந்து டொலர் தருகிற ஆச்சியும் இருக்கிறார், ஆச்சிக்கும் ஒரு பெறுமதி வரும்.

தண்ணிமுறிப்பு:

ஆச்சிக்குப் பெறுமதி வரும். ஆச்சி பேரில் அந்த ஆயிரம் டொலர்காரரே நூறு வொலட், அதாவது கிரிப்டோக் கணக்கு, திறந்தால்? அப்போது அவருக்கு நூறு ஆச்சிகளின் பெறுமதி வரும். கிட்கொயினுக்கே இதுதான் தலையிடி, பொய்க் கணக்குகளைக் கண்டுபிடிப்பதிலேயே அவர்களுடைய பாதி உழைப்புப் போனது.

இந்தப் பக்கம் யாரும் எழுதாததை நான் எழுதுகிறேன், கோபப்படாதீர்கள். 2022 ஏப்ரலில் பீன்ஸ்டோக் என்கிற கிரிப்டோத் திட்டத்தில் என்ன நடந்தது? ஒருத்தன் ஒரே பரிவர்த்தனைக்குள் ஒரு பில்லியன் டொலர் அளவில் கடன் எடுத்தான், அதில் வாக்கு வாங்கினான், தானே முதல் நாள் போட்டு வைத்த முன்மொழிவுக்கு ஓம் போட்டு நிறைவேற்றினான், கஜானாவைத் துடைத்தான், கடனைத் திருப்பிக் கொடுத்தான். 182 மில்லியன் டொலர் இழப்பு. நிரலில் இருந்த அவசர வாக்கு விதி மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் நிறைவேற்று என்றது, அவனிடம் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. அந்த விதி எழுதியபடியே வேலை செய்தது.

அது திருட்டு என்று விட்டுவிடலாம். 2024 ஜூலையில், கொம்பவுண்ட் என்கிற கிரிப்டோக் கடன் திட்டத்தில்? அங்கே ஒருவரும் எதையும் உடைக்கவில்லை. ஒரு பெரிய உடைமைக்காரரும் அவருடைய கூட்டமும் 499,000 கொம்ப் டோக்கனை, 24 மில்லியன் டொலர் பெறுமதி, தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிற ஒரு திட்டத்துக்கு மாற்றச் சொல்லி முன்மொழிந்தார்கள். முன்னம் தோற்றும் விடாமல் திரும்பக் கொண்டு வந்தார்கள். 682,191 க்கு 633,636 என்று நிறைவேறியது. பிறகு பெரிய சத்தம் வந்து, சமரசம் பேசி, கைவிட வைத்தார்கள். சமரசம் எங்கே நடந்தது? பிளாக்செயின் சங்கிலிக்கு வெளியே, ஆட்கள் முகம் பார்த்துக் கதைத்து. இதற்கு நாங்கள் எதற்கு சங்கிலி வைத்திருக்கிறோம்?

கனகராயன், உமக்கு எங்கே இடிக்கிறது என்று நான் சொல்லட்டா? முன்பள்ளிக்குப் போகிற பிள்ளையின் தாய்க்கு டோக்கன் இல்லை. காசு போட்டவர் சூரிச்சில், வாக்கும் சூரிச்சில், மழைக்கு ஒழுகுகிற கூரை இங்கே. ஊரில் இருப்பவர்கள் விண்ணப்பம் எழுதுகிற ஆட்களாக மட்டும் இருப்பார்கள். இப்பவும் அப்படித்தான் இருக்கிறது, அதை மென்பொருளில் எழுதி மாற்ற ஏலாததாக ஆக்கப் போகிறீர்கள்.

வவுனிக்குளத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இந்த கிரிப்டோ ஒன்றும் விளங்காது. மருமகன் இதை அனுப்பி, மாமா உங்கட அமைப்புக் கதை மாதிரி இருக்கிறது, வாசியுங்கோ என்றான். இரண்டு தரம் வாசித்தேன். கமக்காரர் அமைப்பில் கன வருடம் பொருளாளராக இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தம்பி முறிகண்டி, விண்ணப்பம் ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றும் நல்லதாகத் தெரியும் என்று எழுதினீர். எங்களுடைய சிறுபோகக் கூட்டம் அதைத் தடுக்கத்தான் இருக்கிறது. இரணைமடு என்றாலும் சரி வவுனிக்குளம் என்றாலும் சரி, கூட்டத்தில் முதலில் எழும்பிக் கதைப்பவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். குளத்தில் இத்தனை அடி தண்ணி இருக்கிறது, இதற்கு இத்தனை ஏக்கர்தான் செய்யலாம் என்று அவர் சொல்ல வேணும். அதற்குப் பிறகுதான் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்ற சண்டை. சண்டை வரும், கதிரை தூக்கினதும் இருக்கு. ஆனால் எல்லோரும் ஒரே நாளில், ஒரே தண்ணியைப் பார்த்துக்கொண்டுதான் சண்டை பிடிப்பார்கள். விதைப்புத் திகதி, கடைசித் தண்ணி விடுகிற திகதி, தண்ணி களவெடுத்தால் தண்டம், எல்லாம் அன்றைக்கே எழுதிக் கையெழுத்து. ஒவ்வொருத்தராக வந்து எனக்கு இரண்டு ஏக்கருக்குத் தண்ணி தாருங்கோ என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கை தூக்கிக்கொண்டு போனால், துருசுக்குக் கிட்ட இருக்கிறவனுடைய வயல் விளையும், கடைசி வாய்க்கால்காரன் கருகின பயிரைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

மற்றது. காலபோகத்துக்கு முன்னம் வாய்க்கால் துப்புரவு. வயல் அளவுக்கு ஏற்ப வாய்க்காலில் துண்டு அளந்து விடுவோம். கூட வயல் இருந்தால் கூட வேலை, வரமுடியாவிட்டால் கூலிக்கு ஆள் விட வேணும். ஆனால் கூட்டத்தில் கை தூக்கும்போது பத்து ஏக்கர்காரனுக்கும் ஒரு கை, இரண்டு ஏக்கர்காரனுக்கும் ஒரு கை. நீங்கள் எழுதினதைப் பார்த்தால் உங்களிடம் இது மறுதலையாக இருக்கிறது. உடைமை கூடினால் வாக்குக் கூடும், வேலை மட்டும் ஒருவர் தலையிலும் இல்லை, காசு கொடுத்து வெளியாளிடம் விடுகிறீர்கள். அப்படியென்றால் பெரிய உடைமைக்காரன் எதற்கு வாய்க்காலைப் போய்ப் பார்ப்பான்?

முறிகண்டிச்சந்தி:

ஐயா, கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. ஒரு திருத்தம் மட்டும். பெரிய உடைமைக்காரர் ஒன்றையும் சுமக்கவில்லை என்று சொல்ல ஏலாது, திட்டம் நாசமாகி விலை விழுந்தால் முதலில் இழப்பவர் அவர்தான். அதை நம்பித்தான் இந்த முறையையே கட்டினார்கள். சிக்கல் என்னவென்றால் அவர் இரவோடிரவாக விற்றுவிட்டுப் போகலாம், உங்கள் பத்து ஏக்கர்காரர் வயலைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. பொல்காடொட் என்கிற பிளாக்செயினில் இதற்கு ஒரு மருந்து வைத்தார்கள். வாக்குப் போட்ட டொட் நாணயத்தை எவ்வளவு காலம் பூட்டி வைக்கச் சம்மதமோ அதற்கு ஏற்ப வாக்கின் பலம். பூட்டாவிட்டால் பத்தில் ஒரு பங்கு, 7 நாள் பூட்டினால் ஒரு மடங்கு, 224 நாள் பூட்டினால் ஆறு மடங்கு.

அது நல்ல யோசனைதான், ஆனால் அதுவும் வரவுசெலவு செய்யவில்லை. அங்கே 2023 ஜூனில் திறந்த ஆட்சி முறை வந்தது. 2024இன் முதல் ஆறு மாதத்தில் அவர்களுடைய கருவூலம் 87 மில்லியன் டொலர் செலவழித்தது, அதில் 37 மில்லியன் விளம்பரம், நிகழ்ச்சி, அனுசரணை என்று போனது. இந்த வேகத்தில் போனால் இன்னும் இரண்டு வருடத்துக்குத்தான் காசு என்று அவர்களுடைய கருவூல அறிக்கையே சொன்னது. நான் அந்த விவாதங்களை அப்போது வாசித்தேன். கூடாத விண்ணப்பம் ஒன்றைக் கண்டுபிடித்து அதனால்தான் போச்சுது என்று காட்ட ஒருவராலும் முடியவில்லை. ஐயா சொன்ன மாதிரி, தண்ணி அளக்க முன்னம் கை தூக்கினார்கள்.

டாஷ் என்கிற நாணயத்தில் வேறு மாதிரி, எனக்குப் பிடித்த விதி அது. 2015இலிருந்து மாதம் ஒருமுறை, 1000 டாஷ் பிணை வைத்து வலையமைப்பை நடத்துகிற கணினிகள், மாஸ்டர்நோடுகள் என்பார்கள், வாக்குப் போடும். ‘ஓம்’ வாக்கிலிருந்து ‘இல்லை’ வாக்கைக் கழித்தால் வருவது மொத்த நோடுகளில் 10 வீதத்தைத் தாண்ட வேண்டும். மாதத் தொகைக்கு மேல் விண்ணப்பங்கள் தேறினால் கூட வாக்கு விழுந்ததிலிருந்து கீழே கொடுத்துக்கொண்டு வரும், காசு முடிகிற இடத்தில் மிச்சம் நிற்கும். விண்ணப்பங்கள் ஒன்றோடொன்று மோதியே ஆக வேண்டும். ஒரு மாதம் உருப்படியாக ஒன்றும் வராவிட்டால் அந்த மாதத்து மிச்சக் காசு உருவாக்கப்படுவதே இல்லை, சும்மா குவிந்து கிடந்து ஆட்களைக் கூப்பிடாது.

விசுவமடு அக்கா, இருபடி முறைக்குத் தண்ணிமுறிப்பு சொன்ன ஓட்டை உண்மை. ஒருவருக்கு ஒரு கை என்று வைக்க, அந்த ஒருவர் யார் என்று தெரிய வேண்டும். ஐயாவின் கூட்டத்தில் முகம் தெரியும், தகப்பன் பேரும் தெரியும். வொலட்டுக்கு முகம் இல்லை.

விசுவமடு_ஸ்காபரோ:

அது உலகம் முழுக்கப் பரந்த திட்டத்துக்கு. ஊர்ச் சங்கத்தில் முகம் தெரியும்தானே? ஆச்சி யார் என்று எனக்குத் தெரியும், அவவின் மூத்த மகன் எங்கே வேலை என்பது கூடத் தெரியும். அங்குள்ள நோய்க்கான மருந்தை அந்த நோய் இல்லாத இடத்தில் தேடாதீர்கள். டோக்கனை விற்க ஏலாததாக, ஆளுக்கு ஒன்றாக, ஊரில் இருக்கிற குடும்பங்களுக்கும் கொடுத்தால் தண்ணிமுறிப்பு சொன்ன குறையும் போகும்.

தண்ணிமுறிப்பு:

விற்க ஏலாத, ஆளுக்கு ஒன்றான, எல்லோருக்கும் கிடைக்கிற டோக்கன். அக்கா, அதற்கு அங்கத்துவப் பதிவேடு என்று பேர், கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் அலுமாரியில் இருக்கிறது.

சட்டப் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். இலங்கையில் மெய்நிகர் நாணயம் சட்டபூர்வமான பணம் இல்லை, அதன் கொடுக்கல் வாங்கலை மேற்பார்வை செய்ய ஆள் இல்லை என்று மத்திய வங்கி 2018இலிருந்து திரும்பத் திரும்ப எச்சரித்து வந்திருக்கிறது, வங்கி அட்டையால் அதை வாங்கவும் அனுமதி இல்லை. ஊர்ச் சங்கக் காசை அந்த வழியால் இறக்கினால், நாளைக்குக் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் சூரிச்சில் இருக்கமாட்டார், இங்கே கையெழுத்து வைத்த தலைவர்தான் பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் அலைவார். நம்முடைய இடத்தில் வெளிநாட்டுக் காசு என்றாலே இன்னும் எத்தனை பேர் எத்தனை தரம் வந்து விசாரிக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கனகராயன்:

எல்லோருக்கும் நன்றி. தண்ணிமுறிப்பு அண்ணை கடுமையாகச் சொன்னாலும் இடித்தது அங்கேதான். சுவிஸ்காரரிடம் நேற்று இரவு கதைத்தேன். காசு வழமைபோல வங்கியால் வரட்டும், சங்கத்தின் கணக்குக்கு. வாக்கு வேண்டாம், பதிலாக வருடத் தொடக்கத்தில் இவ்வளவுதான் தருவோம் என்று தொகையை முதலில் சொல்லுங்கோ, எந்த வேலை என்பதை ஊர்க் கூட்டம் ஒரே நாளில் முடிவெடுத்து அனுப்பட்டும் என்றேன். முதலில் கொஞ்சம் மனத்தாங்கல். ‘அப்ப நாங்கள் காசு தாறதுக்கு மட்டுமோ’ என்று ஒருவர் கேட்டார், அதுவும் நியாயமான கேள்விதான், அவர்களில் பலர் அங்கே இரண்டு வேலை செய்து அனுப்புகிற காசு. கணக்கு முழுவதும், பற்றுச்சீட்டுப் படத்தோடு, எல்லோரும் பார்க்கிற ஒரு விரிதாளில் இருக்கும், பழையதை ஒருவரும் தெரியாமல் மாற்ற ஏலாதபடி மாதம் ஒருமுறை அதன் ஹாஷை, அதாவது கைரேகை மாதிரி ஒரு குறியீட்டை, சங்கிலியில் பதிந்துவிடுகிறேன் என்று சொன்னேன். விசுவமடு அக்கா சொன்ன பழைய கொப்பிப் பிரச்சினைக்கு அது போதும் என்று நினைக்கிறேன். காசு சங்கிலியில் ஓடாது, கணக்கின் கைரேகை மட்டும் அங்கே இருக்கும். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

டிரெப் வேலைக்கு, திறந்திருக்கிற எல்லா விண்ணப்பங்களையும் ஒரு தாளில் தொகையோடு எழுதி, வரம்பில் எவ்வளவு மிச்சம் என்று மேலே போட்டு, முறிகண்டி அண்ணை சொன்ன மாதிரி பின்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒன்றுக்கு ‘இல்லை’ போட்டேன், கட்டம் முடிந்தது என்று கையெழுத்து வைப்பதும் காசு வாங்குவதும் ஒரே ஆட்கள். வாக்கோடு காரணத்தையும் இணைக்கலாம் என்பதால் காரணம் எழுதி இணைத்தேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ஒப்டிமிசம் என்கிற பிளாக்செயின் திட்டத்தில் மாதிரி, வேலை முடிந்த பிறகு அதன் பலனைப் பார்த்துக் காசு கொடுக்கிற முறை எப்படி? மூன்றாவது சுற்றில் 30 மில்லியன் ஓபி டோக்கன் அப்படிக் கொடுத்தார்கள். ஏமாற்ற இடமில்லை. ஆனால் கையில் முதல் இல்லாதவன் முதலில் வேலையை எப்படிச் செய்வான்? மாங்குளத்தில் இருக்கிற எங்கள் பெடியங்கள் ஆறு மாதம் காசில்லாமல் நிரல் எழுதிவிட்டு, பிறகு யாராவது பார்த்துத் தருவார்கள் என்று இருக்க ஏலுமா? அந்த முறை வைத்தால் ஏற்கெனவே காசு இருக்கிற நாட்டு ஆட்களுக்குத்தான் போகும் போலிருக்கிறது.

வவுனிக்குளத்தான்:

தம்பி, வாய்க்கால் திருத்த வேலையை அமைப்பே ஒப்பந்தத்துக்கு எடுக்கும்போது எங்களுக்கும் இதே பிரச்சினைதான். முழுக்க முன்னுக்குக் கொடுத்தால் ஆள் வரமாட்டான், முழுக்கப் பின்னுக்கு என்றால் இல்லாதவன் வேலையே எடுக்கமாட்டான். சாமானுக்கும் கூலிக்கும் கையில் ஒரு தொகை முதலில். பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து எழுதின அளவுக்கு. கடைசித் துண்டை மட்டும் பிடித்து வைப்போம்.

முறிகண்டிச்சந்தி:

கனகராயன், ‘இல்லை’ போட்ட காரணத்தைத் தமிழிலும் எழுதினீரா? உம்மிடம் வாக்கைத் தந்தவர்கள் வாசிக்க வேண்டியது அதைத்தான். ஹாஷ் யோசனை சரி, ஆனால் அந்த விரிதாளை இரண்டு பேராவது தங்கள் கணினியில் பிரதி எடுத்து வைக்கட்டும். மூலம் தொலைந்தால் ஹாஷை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாது.

கனகராயன்:

தமிழில் எழுதவில்லை, இன்றைக்குப் போடுகிறேன். பிரதிக்கு வவுனியாவில் ஒருவரும் சுவிசில் ஒருவரும் சரி. ஐயா, அந்தப் பிடித்து வைக்கிற கடைசித் துண்டு எவ்வளவு? எவ்வளவு காலத்துக்கு?

வவுனிக்குளத்தான்:

நாங்கள் பத்தில் ஒன்று பிடிப்போம். மண் வேலை என்றால் ஒரு மாரி பார்த்தால் போதும். மதகு, கொங்கிறீட் என்றால் இரண்டு போகம் தண்ணி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பது. மென்பொருளுக்கு மாரி எது என்று நீங்கள்தான் சொல்ல வேணும்.